தூக்குக் கயிறும் சம்பளப் பட்டியலும்

2020ஆம் ஆண்டு மார்ச் 20, வெள்ளிக்கிழமை. நிர்பயா வழக்கில் தண்டனை பெற்ற நால்வரும் அன்று காலை ஐந்தரை மணிக்குத் திகார் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். முற்பகலில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்கப் போயிருந்தேன். கடைக்குக் கடை இதே பேச்சு. "சரியான தண்டனை" என்று சொல்லாதவர் இல்லை. தராசைப் பிடித்திருந்த நாகர்கோவில் பக்கத்துப் பையன் மட்டும் வேறொன்று கேட்டான்: "சார், எங்க ஊர்ல ஆராச்சார்னு சொல்லுவாங்க. அந்த ஆளுக்கு என்ன கூலி கொடுத்திருப்பாங்க?"

நியாயமான கேள்வி. தீர்ப்பைப் பற்றியும் குற்றவாளியைப் பற்றியும் நாம் பேசுகிறோம். கயிற்றைப் பிடிப்பவரைப் பற்றிப் பேசுவதில்லை. சில நாட்களிலேயே ஊரடங்கு வந்து வீட்டில் அடைபட்டோம் அல்லவா? அந்த நாட்களில் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அதில் முக்கியமானவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் நம் டில்லி. இங்கே இதற்கென்று நிரந்தர ஆள் கிடையாது. 2020இல் வந்தவர் மீரட்டைச் சேர்ந்த பவன். இவருடைய தாத்தா கல்லுவும் இதே தொழில் செய்தவர். உத்தரப் பிரதேசச் சிறைத்துறை பவனுக்கு மாதம் 5,000 ரூபாய் கொடுத்துவந்ததாக அப்போது பத்திரிகைகள் எழுதின. அது போதாமல் சைக்கிளில் துணி விற்றுப் பிழைத்தவர் அவர். கல்கத்தாவின் நாட்டா மல்லிக் கதையும் இதே மாதிரிதான். 2004 ஆகஸ்ட் 14 அன்று அலிப்பூர் சிறையில் தனஞ்சய் சாட்டர்ஜியைத் தூக்கிலிட்டவர் அவர். அந்தச் சமயத்தில் அவர் சர்க்காரிடம் வற்புறுத்திக் கேட்டது, தம் பேரனுக்கு ஒரு வேலை.

இலங்கையில் இந்த உத்தியோகத்துக்கு 'அலுகோசு' என்று பெயர். போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல். அங்கே 1976க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை. ஆனால் பதவி மட்டும் ஏட்டில் இருந்துகொண்டே இருந்தது. 2014இல் வேலைக்கு வந்த ஒருவர் தூக்குமேடையைப் பார்த்ததுமே பயந்து விலகிவிட்டார். 2019இல் மறுபடி விளம்பரம் வந்தது. சம்பளம் 36,310 ரூபாய். நல்லொழுக்கமும் மனத்திடமும் வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டே இடங்களுக்கு நூறு பேருக்கு மேல் மனுப் போட்டார்கள். ஆனால் தண்டனையை நிறைவேற்ற உச்ச நீதிமன்றம் தடை விதித்துவிட்டது.

சம்பளக் கணக்கை மிகத் துல்லியமாக எழுதிவைத்தது ஹிட்லரின் ஜெர்மனி. அங்கே கொலையாளிக்கு ஆண்டுச் சம்பளம் 3,000 மார்க். அதற்கு மேல் தலை ஒன்றுக்கு 60 மார்க். பிறகு அதை 65 ஆக்கினார்கள். இந்தச் செலவை யார் தலையில் கட்டினார்கள் தெரியுமா? இறந்தவரின் குடும்பத்தார் தலையில்! பெர்லின் பிளெட்சன்சே சிறையிலிருந்து வீட்டுக்கு ரசீது வரும். அடைத்து வைத்த ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றரை மார்க். தண்டனையை நிறைவேற்ற 300 மார்க். அந்த ரசீதை அனுப்பத் தபால் செலவு 12 பென்னிக். கணவனையோ மகனையோ பறிகொடுத்த வீட்டில் அந்தத் தபாலைப் பிரித்துப் படித்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

அந்த ஆட்களில் பெயர் பெற்றவர் பவேரியாவின் யோஹான் ரைஷ்ஹார்ட். 1893இல் பிறந்தவர். தலைமுறை தலைமுறையாக இதே தொழில் செய்த குடும்பம். 1924இல் தம் சித்தப்பாவிடமிருந்து பதவியை ஏற்றார். அப்போது மரண தண்டனை குறைவு, வரும்படியும் குறைவு. அதனால் சிலகாலம் ஹாலந்து போய் ஹேக் நகரில் காய்கறி வியாபாரம் செய்தார். வியாபாரம் நன்றாகவே நடந்தது. வேலை இருந்தால் ஊரிலிருந்து தந்தி வரும். போய் முடித்துவிட்டுக் கடைக்குத் திரும்புவார். ஹிட்லர் வந்தபின் காய்கறி விற்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவர் கையால் மாண்டவர்கள் மொத்தம் மூவாயிரத்துக்கு மேல். 1943 பிப்ரவரி 22 அன்று, துண்டுப் பிரசுரம் விநியோகித்த குற்றத்துக்காகத் தலை வெட்டப்பட்ட மாணவி ஸோஃபி ஷோலும் அவருடைய அண்ணன் ஹான்ஸும் அவர்களில் இருவர்.

அதே 1943ஐ நம் மார்க்கெட்டின் பெயரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். செப்டம்பர் 7 இரவு தொடங்கி விடிவதற்குள் பிளெட்சன்சேயில் 186 பேரைத் தூக்கிலிட்டார்கள். அதே வாரம் செப்டம்பர் 10 அன்று, சென்னைச் சிறையில் இந்திய தேசிய ராணுவத்தைச் சேர்ந்த வக்கம் அப்துல் காதரும் தோழர்களும் தூக்கிலிடப்பட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் இரண்டு இடத்திலும் ஒரு நீதிமன்றம் இருந்தது, கையெழுத்திட்ட உத்தரவு இருந்தது, கூலிக்கு ஓர் ஆள் இருந்தான். சென்னையில் கயிறு மாட்டியவன் பிரிட்டிஷ் சர்க்காரின் ஊழியன். இன்று நாம் மாண்டவர்களைத் தியாகிகள் என்கிறோம். அவன் அப்போது தன் கடமையைச் செய்தவனாகத்தான் எண்ணப்பட்டிருப்பான்.

யுத்தம் முடிந்ததும் ரைஷ்ஹார்ட் என்ன ஆனார்? இங்கேதான் வேடிக்கை. தண்டனை பெற்ற நாஜிகளைத் தூக்கிலிட அமெரிக்க ராணுவம் அவரையே வேலைக்கு வைத்துக்கொண்டது! எஜமான் மாறினான், தொழில் மாறவில்லை. பிறகு அவரும் கைதானார். 1948இல் இரண்டாண்டு தண்டனையும் சொத்தில் ஒரு பகுதி பறிமுதலும் விதிக்கப்பட்டன. 1950இல் மகன் தற்கொலை செய்துகொண்டான். ஊரார் ஒதுக்கினார்கள். நாய் வளர்த்துக் காலம் தள்ளி, 1972இல் இறந்தார்.

சரி, அவருக்கு உத்தரவு எழுதிக் கொடுத்த நீதிபதிகள்? 'மக்கள் நீதிமன்றம்' என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோருக்கு மரண தண்டனை விதித்தவர்களில் ஒருவர்கூட மேற்கு ஜெர்மனியில் இறுதியாகத் தண்டிக்கப்படவில்லை. ரேஸே என்ற நீதிபதிக்கு 1967இல் தண்டனை கிடைத்தது. அடுத்த ஆண்டே விடுதலையும் கிடைத்தது. தலைமை நீதிபதி ஃப்ரைஸ்லர் 1945 பிப்ரவரியில் குண்டுவீச்சில் மாண்டார். பின்னாளில் அவருடைய விதவைக்குப் பென்ஷனை உயர்த்திக் கொடுத்தார்கள். அதற்குச் சொன்ன காரணம், கணவர் உயிரோடு இருந்திருந்தால் யுத்தத்துக்குப் பிறகும் நன்றாகச் சம்பாதித்திருப்பார் என்பது. 1985இல் இது வெளியே தெரிந்து பெரிய கண்டனம் எழுந்தது.

வெட்டியவருக்குச் சிறை, வெட்டச் சொன்னவர் வீட்டுக்குப் பென்ஷன். ரைஷ்ஹார்ட்டுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. ஸோஃபி ஷோல் மாதிரி மறுத்து நிற்க முடியும் என்று காட்டியவர்களும் அதே தேசத்தில் இருந்தார்கள். ஆனால் பாவத்தை முழுவதும் கடைசி ஆளின் கையில் துடைத்துவிட்டு மேலே இருப்பவர்கள் சுத்தமாகிவிடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். திருவாங்கூர் ஆராச்சார் ஒருவரைப் பற்றி அடூர் கோபாலகிருஷ்ணன் 2002இல் 'நிழல்குத்து' என்ற படம் எடுத்தார். அதில் ராஜாவின் மன்னிப்பு உத்தரவு தூக்கு முடிந்த பிறகு வந்து சேரும்படி பார்த்துக்கொள்வார்கள். ராஜாவுக்குப் பாவம் ஒட்டக்கூடாதாம்!

திருவள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தில் கொடியவர்களை அரசன் தண்டிப்பதைப் பயிரில் களையெடுப்பதற்கு ஒப்பிட்டார். அவர் அரசனைத்தான் சொன்னார், ஏவலாளைச் சொல்லவில்லை. குடியரசில் அந்த அரசன் யார்? நாம்தான். மரண தண்டனை வேண்டுமா கூடாதா என்பதில் வாசகர்களுக்கு வேறுவேறு கருத்து இருக்கும். மேற்கு ஜெர்மனி 1949இல் அரசியல் சட்டத்திலேயே அதை ஒழித்துவிட்டது, நாம் வைத்திருக்கிறோம். வைத்துக்கொள்வது என்றால், மீரட்டுக்குப் போகும் அந்த ரூபாயில் நம் வரிப்பணமும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டே வைத்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் ரசீது குடும்பத்துக்கு வந்தது. நமக்கு ரசீது வருவதில்லை; அவ்வளவுதான் வித்தியாசம்.