பொலித்தீன் கூரையும் கிணற்று நீரும்

கரையோரக் கிராமமொன்றில் தோட்டம் செய்து பிள்ளைகளை வளர்க்கும் பெண் நான். அண்மைக் காலமாக எங்கள் மாதர் சங்கக் கூட்டங்களில் பசுமை இல்லம் பற்றிய பேச்சுத்தான். அரைப் பரப்பில் குடைமிளகாய் வைத்தாலும் கையில் காசு பார்க்கலாம் என்கிறார்கள். உண்மைதான். மழைக்கும் கடற்காற்றுக்கும் பூச்சிக்கும் தப்பிப் பயிர் வளரும். ஆனால் ஒன்று பத்தாகி, பத்து ஆயிரமானால் ஊர் என்னவாகும்? ஸ்பெயின் நாட்டின் அல்மேரியா மாகாணத்தைப் பற்றி அறிந்தபோது இதற்கான விடை எனக்குக் கிடைத்தது. அதை உங்களுடன் பகிர விரும்புகிறேன்.

அல்மேரியா, மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள வறண்ட பிரதேசம். அங்கே ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீற்றர் மழையே கிடைக்கிறது. 1950களில் அரசு கிணறுகளைத் தோண்டி, ஏழைக் குடும்பங்களை அங்கு குடியேற்றியது. அவர்கள் நிலத்தில் எருவைப் பரப்பி, அதன்மேல் மணலைப் போர்வைபோல் போட்டார்கள். மணல் ஈரத்தைக் காத்தது; உவர்த் தண்ணீரிலும் பயிர் தாக்குப்பிடித்தது. 1960களின் தொடக்கத்தில், திராட்சைப் பந்தலைப் போன்ற பந்தல் அமைத்து அதன்மேல் பொலித்தீனை விரித்தார்கள். குளிர்காலத்திலும் தக்காளி காய்த்தது.

இன்று அங்கு 30,000 ஹெக்டேயருக்கும் அதிகமான நிலம் பொலித்தீனால் மூடப்பட்டிருக்கிறது. விண்வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கரை வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. கோடையில் வெப்பம் தணிக்கக் கூரைக்குச் சுண்ணாம்பு பூசுவதால் வெயில் திரும்பித் தெறித்து, அப்பகுதியின் வெப்பநிலையே சற்றுக் குறைந்ததாக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை குடும்பங்களுக்குச் சொந்தமான சிறு பண்ணைகள். காய்கறிகளைத் தரம்பிரித்துப் பொதிசெய்யும் நிலையங்களில் பெண்களே அதிகம். வறுமையில் கிடந்த மாகாணம் நிமிர்ந்து நின்றது.

ஆனால் அதற்கு விலையும் உண்டு. அளவுக்கு மீறி நீரை இறைத்ததால் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்தது. தோட்டங்களுக்காகக் கடற்கரை மணல்மேடுகளிலிருந்து மணல் அள்ளப்பட்டது. எஞ்சிய புன்ரா என்ரினாஸ் பகுதி 1989இல்தான் பாதுகாக்கப்பட்டது. 2012இல் அயல் மாகாணமான கிரனாடாவின் கரையில் இறந்து ஒதுங்கிய திமிங்கிலத்தின் வயிற்றில் சுமார் 17 கிலோ பிளாஸ்டிக் இருந்தது. அதில் பெரும்பகுதி பசுமை இல்லக் கழிவு.

மனிதரின் நிலை இன்னும் வேதனையானது. மொறோக்கோ முதலிய நாடுகளிலிருந்து வந்த கூலியாட்கள் பலர், பழைய பொலித்தீனாலும் பலகையாலும் கட்டிய கொட்டில்களில் வாழ்கிறார்கள். தறப்பாளுக்குக் கீழே காலம் கழித்த நமக்கு அந்த வெக்கையை யாரும் விளக்கத் தேவையில்லை. 2000 பெப்ரவரியில் எல் எகிடோ நகரில் அவர்களுடைய வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. தொழிலாளர் வேலைக்குப் போகாமல் மறுத்தபோதுதான், அவர்கள் இல்லாமல் அறுவடை இல்லை என்பது எல்லோருக்கும் விளங்கியது.

அங்குள்ள விவசாயிகள் சும்மா இருந்துவிடவில்லை. 2007ஆம் ஆண்டளவிலிருந்து பலர் நஞ்சு மருந்தைக் குறைத்து, பூச்சியைத் தின்னும் பூச்சிகளைத் தோட்டத்தில் விடுகிறார்கள். சொட்டுநீர்ப் பாசனம் பரவலாகிவிட்டது. கூரையில் விழும் மழைநீரைச் சேமிப்பவர்களும் உண்டு.

சகோதரிகளே, யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணக்கல்லுக்குள் இருக்கும் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலே ஏறும். ஒருமுறை உவரான கிணற்றை மீட்பது எளிதல்ல. ஆகவே பசுமை இல்லத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

கோடையில் உங்கள் கிணற்று நீர் உவர்க்கிறதா?

மாரி மழையைக் கூரையிலிருந்து பிடித்துவைக்கத் தொட்டி தருவார்களா?

கிழிந்த பொலித்தீனை யார் எடுத்துச் செல்வார்கள்?

ஒரே நீரை நம்பியிருக்கும் அயலவர் எத்தனை பேர்? அவர்களுக்கும் இதில் பேச்சு உண்டா?

கடைசிக் கேள்வியை எங்கள் சங்கம் அடுத்த கூட்டத்தில் எடுக்கவிருக்கிறது. வருமானம் ஒரு குடும்பத்துக்குத்தான் வரும். தண்ணீர் ஊருக்கே பொது.