புழக்கடைத் தோட்டத்தைக் காலத்திற்கேற்ப மாற்றியமைத்தல்

கொல்லைப்புறத்தில் காய்கறித் தோட்டம் போடுகிறவர்கள், முதலாண்டில் கண்ட பலனைப் பத்தாண்டுகளுக்குப் பின்னும் அதே பாத்தியில் எதிர்பார்க்கின்றனர். கத்தரி நெட்டையாய் வளர்ந்து பூவை உதிர்க்கிறது, வெண்டை காய்ப்பதில்லை. எரு போதாதென்று எண்ணி மேலும் எருவிடுகிறார்கள். வீட்டுப் பெண்டிர் குடங்குடமாக ஜலம் சுமந்து ஊற்றுகிறார்கள். இவ்வளவு உழைப்பும் வீணாவதற்குப் பெரும்பாலும் நிழலே காரணம். பாத்தி போட்ட காலத்தில் முழங்காலளவு நின்ற தென்னம்பிள்ளையும் மாங்கன்றும் இதற்குள் வெயிலை மறைத்துவிட்டன.

இருபத்தைந்து அடி இடைவெளியில் வைத்த தென்னை, முதல் 7, 8 ஆண்டுகள் வரை ஊடுபயிருக்கு வெயில் விடும். பின்னர் ஏறக்குறைய 25-ஆம் ஆண்டு வரை மட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு தரையை மூடும். அதன்மேல் மரம் உயர உயர, வெயில் மறுபடியும் சாய்வாக உட்புகும். ஆகவே முதற்பருவத்தில் கத்தரி, மிளகாய், அவரை முதலியவற்றையும், நடுப்பருவத்தில் சேம்பு, கருணை, மஞ்சள், இஞ்சி ஆகியவற்றையும், மூன்றாவதில் வாழையையும் வைப்பது பொருந்தும். வெயிலுக்காகத் தென்னையின் பச்சை மட்டைகளை வெட்டுவது தகாது, காய்ப்புக் குன்றும்.

காய்கறிச் செடிகளுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். மார்கழியில் ஒரு நாளும் சித்திரையில் ஒரு நாளும், காலை 9 மணிக்கும் உச்சியிலும் மாலை 3 மணிக்கும் நிழலின் ஓரத்தில் முளையடித்துப் பார்த்தால் வெயிலுள்ள இடம் தெரிந்துவிடும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நிழல் வடக்கே நீளும். அக்காலத்துப் பாத்திகள் மரங்களுக்குத் தெற்கே இருப்பது நலம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஆயினும் செய்து பார்ப்பவர் சிலரே.

பாட்டனார் வைத்த மாமரத்தில் கத்தி வைப்பதா என்று பலர் தயங்குவர். மரத்தை அழிக்கச் சொல்லவில்லை. காய்ப்பு ஓய்ந்தபின், ஆடி ஆவணியில், உட்புறம் பின்னிக் கிடக்கும் கிளைகளைக் கழித்தால் மரத்திற்கும் நலம், கீழே வெளிச்சமும் கிடைக்கும். வேலிக்கப்பால் நீண்ட கிளையையும் அப்போதே கழித்துவிடலாம். அண்டை வீட்டாருடன் மூளும் வழக்கு கிராம அதிகாரியிடம் செல்லாது நிற்கும். முருங்கைக் கிளை எளிதில் முறிவதாதலால், வீட்டுக் கூரையருகில் வளர்ந்துவிட்ட மரத்தின் போத்துகளை வெட்டி வேலியோரத்தில் நட்டு, அவை பிடித்தபின் பழைய மரத்தை நீக்கலாம். 1989-இல் பெரியகுளத்தில் வெளியிடப்பட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கையானால், காய்ப்பு முடிந்ததும் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட மீண்டும் தழைக்கும்.

வாழையோ தானே இடம் பெயரும். பக்கக்கன்றுகளில் வெயிலுள்ள பக்கத்தில் தோன்றும் ஒன்றை மட்டும் விட்டுவந்தால், தோப்பு நாம் விரும்பும் திசையிலேயே நகரும். குளியலறை வீட்டிற்குள் வந்துவிட்ட இடங்களில், கழிவு ஜலம் விழும் மூலையும் மாறியிருக்கும். வாழையும் சேம்பும் அங்கே போகவேண்டும்.

கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் ஒரே குடும்பத்தவை. ஒன்றன்பின் ஒன்றாக அதே பாத்தியில் வைத்தால் வேரில் நூற்புழுவும் வாடல் நோயும் மிகும். இடையில் ஒரு போகம் துலுக்கச் செவ்வந்தி வைத்தல் நன்று.

மாற்றங்களை ஒரே ஆண்டில் செய்யவேண்டுவதில்லை. புதுப் பாத்தியை ஆடியில் கொத்தி எருவிட்டு விதைத்து, அது காய்க்கும் வரை பழைய பாத்தியில் அரைநிழல் தாங்கும் பொன்னாங்கண்ணியை வைத்திருந்தால் வீட்டிற்குக் கறியமுது குறையாது.