உங்களுக்குத் தெரியுமா? பழைய ராணுவத் துப்பாக்கியும் வெந்நீரும்

ரஷ்யப் பேரரசு 1891-இல் ஏற்றுக்கொண்ட மோசின்-நாகாந்த் துப்பாக்கி இரண்டு உலகப் போர்களைக் கண்டது. சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு, கிடங்குகளில் குவிந்து கிடந்தவை கப்பலேறி அமெரிக்கா போயின. 2000-களில் அங்கே நூறு டாலருக்கும் குறைவாகவே ஒன்று கிடைத்தது. முதன்முதலாகத் துப்பாக்கி வாங்கிய பலர் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

வாங்கும்போது வெளிப்பூச்சின் பளபளப்பை நம்பிவிட முடியாது. குழலுக்குள் இருக்கும் சுருள் பள்ளங்கள் தேய்ந்திருந்தால் குறி தவறும். பாகங்களில் ஒரே எண் இருப்பதும் அவை தொடக்கத்திலிருந்தே ஒன்றாக இருந்தவை என்பதற்கு முழு உத்தரவாதம் ஆகாது. போருக்குப் பின் செப்பனிட்ட சோவியத் பட்டறைகள் பல பாகங்களில் புதிதாக எண் பொறித்தன.

உண்மையான எதிரி பழைய தோட்டா. அதன் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. வெடித்ததும் அது உப்பாக மாறிக் குழலில் படியும். காற்றின் ஈரத்தை இழுத்துச் சில நாட்களிலேயே துருவேற்றும். எண்ணெயில் உப்பு கரையாது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய் பூச வேண்டும்.

நம் நாட்டுத் துப்பாக்கியும் அந்த அமெரிக்கச் சந்தைக்குப் போனது! மேற்கு வங்கத்தின் இஷாப்பூரில் 1960-களில் உருவான 2ஏ1, பார்வைக்குப் பழைய .303 லீ-என்ஃபீல்டு போலவே இருக்கும். ஆனால் அதற்குரியது 7.62 மி.மீ. நேட்டோ தோட்டா. மோசின்-நாகாந்தின் ரஷ்யத் தோட்டாவின் பெயரிலும் அதே 7.62 உண்டு, ஆனால் நேட்டோ தோட்டாவின் கூடு 51 மி.மீ. நீளம், ரஷ்யக் கூடு 54 மி.மீ. ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது.