குடும்பக் கிராஸ்ஓவர் கார்: மரக்காணம் உப்பளக் கரையில் ஒரு காத்திருப்பு

குடும்பக் கிராஸ்ஓவர் என்பது ஆறு அல்லது ஏழு பேர் மூன்று வரிசையில் அமரும் காரின் உள்ளிடத்தையும், எஸ்யூவி எனப்படும் வண்டிகளின் உயர்ந்த தோற்றத்தையும் ஒன்றாகச் சேர்த்த மகிழுந்து வகை. இந்தியாவில் இத்தகைய வண்டிகளில் பல, சென்னையை அடுத்த ஒரகடம், திருப்பெரும்புதூர், திருவள்ளூர் வட்டாரங்களில் தயாராகின்றன. அங்கிருந்து தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால், புதுச்சேரிக்கு முன்பாக விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் வரும். சாலையை ஒட்டியே உப்பளப் பாத்திகள், அவற்றுக்கு அப்பால் கழுவேலி ஏரி. புதிய கார் ஒன்று வரப்போகிறது என்ற அறிவிப்பை இந்தக் கரையில் இருப்பவர் எப்படிப் படிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. விளம்பரம் காரின் முகத்தைக் காட்டும். உப்புக்காற்று காரின் அடிவயிற்றைத்தான் தேடிப் போகும்.

குடும்பத்தோடு ஊர்தியில் போவது இக்கரைக்குப் புதிதல்ல. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுவர். உப்பு வணிகரான உமணர் மாட்டு வண்டிகளில் மனைவி மக்களோடு ஊர் ஊராகச் சென்றதைச் சங்க இலக்கியம் விரிவாகவே சொல்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் வரும் உப்பு வண்டியில் கோழிக்கூடு இருக்கிறது, காடி வைத்த கலம் தொங்குகிறது, கைக்குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்டிச் செல்கிறாள். மேடுபள்ளத்தில் அச்சு முறிந்தால் உதவ, வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டிச் செல்லும் வழக்கத்தைப் புறநானூற்றின் 102ஆம் பாடல் உவமையாக்குகிறது. இன்றும் மூன்று வரிசைக் கார்கள் பலவற்றில் மாற்றுச் சக்கரம் வண்டிக்கு அடியில்தான் தொங்குகிறது. காரணமும் ஏறக்குறைய அதுவே: மேலே ஆளுக்கும் மூட்டைக்குமே இடம் போதவில்லை.

சுமோவிலிருந்து கிராஸ்ஓவர் வரை

கூட்டுக் குடும்பப் பயணம் என்றதும் 1990களிலும் 2000களிலும் நினைவுக்கு வந்தவை டாடா சுமோ, டொயோட்டா குவாலிஸ், 2005இல் வந்த இன்னோவா ஆகியவை. இவை ஏணிச் சட்ட வண்டிகள். ஏணி போன்ற ஒரு கனத்த இரும்புச் சட்டத்தில் இன்ஜினும் சக்கரங்களும் பொருந்தியிருக்கும். அதன்மேல் உடற்கூடு தனியாக உட்காரும். கிராஸ்ஓவரில் அந்தச் சட்டம் கிடையாது. தரைத்தகடு, கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுப் பெட்டிகள், தூண்கள், கூரை எல்லாம் பற்றவைக்கப்பட்டு ஒரே கூடாக நிற்கும். எடை குறையும், எரிபொருள் மிச்சமாகும், குலுக்கல் குறையும். இன்னோவாவே 2022 நவம்பரில் ஹைகிராஸ் என்ற பெயரில் இந்தக் கட்டமைப்புக்கு மாறியதைப் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெரியும்.

"கிராஸ்ஓவர்" என்ற சொல்லில் பொறியியல் பாதி, அலங்காரம் பாதி என்றும் சொல்ல வேண்டும். 2014இல் வந்த ஹோண்டா மொபிலியோவின் அடித்தளத்திலேயே 2016இல் பிஆர்-வி வந்தது. 2018இல் வந்த இரண்டாம் தலைமுறை மாருதி எர்டிகாவின் உடலுக்கு வேறு முகப்பும், சக்கர வளைவுகளில் கறுப்பு நெகிழிப் பட்டைகளும், நடுவரிசையில் தனித்தனி இருக்கைகளும் தந்து 2019இல் எக்ஸ்எல்6 ஆக்கினார்கள். ஒரகடத்தில் தயாரான ரெனோ லாஜி 2015இல் வந்தது. அதன் கிராஸ்ஓவர் வேடமான ஸ்டெப்வேயும் அதே ஆண்டிலேயே வந்தது. லாஜி நல்ல இடவசதி உள்ள வண்டிதான். ஆனால் அதற்கு டீசல் இன்ஜின் மட்டுமே இருந்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதி நடைமுறைக்கு வந்தபோது ரெனோ இந்தியாவில் டீசலைக் கைவிட, லாஜியும் கடையை விட்டுப் போனது. நீண்ட நாள் காத்திருந்து வாங்கும் வண்டிக்கு ஐந்தாண்டே ஆயுள் என்றால், உதிரிபாகம் தேடும் வேலை வாங்கியவர் தலையில் விழும். அறிவிப்பைப் படிப்பவர் இன்ஜின் பற்றிய பகுதியை முதலில் பார்ப்பது நல்லது என்பது இதனால்தான்.

காத்திருப்பு நடக்கும் விதம்

முதலில் கறுப்பு வெள்ளைச் சுழிகள் ஒட்டிய சோதனை வண்டிகள் நெடுஞ்சாலைகளில் கண்ணில் படும். அந்தச் சுழிகள் உடலின் வளைவுகளைக் கண் சரியாகப் பிடிக்காதபடி குழப்புவதற்காகவே ஒட்டப்படுகின்றன. பின் பெயர் அறிவிப்பு, திரை விலக்கல், முன்பதிவு, கடைசியில் விலை. கியா கேரன்ஸ் இதற்கு நல்ல உதாரணம்: 2021 டிசம்பர் 16இல் திரை விலக்கினார்கள், 2022 ஜனவரி 14இல் முன்பதிவு தொடங்கியது, பிப்ரவரி 15இல்தான் விலை வந்தது. அதாவது ஒரு மாதம் முழுக்க விலை தெரியாமலே மக்கள் பணம் கட்டினார்கள்.

ஒரகடத்தின் ரெனோ டிரைபர் 2019 ஜூன் 19இல் டெல்லியில் உலகுக்குக் காட்டப்பட்டு, ஆகஸ்ட் 28இல் 4.95 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் விற்பனைக்கு வந்தது. நான்கு மீட்டருக்கும் 10 மில்லிமீட்டர் குறைவான நீளத்தில் ஏழு இருக்கைகள். அந்த 10 மில்லிமீட்டர் தற்செயல் அல்ல. நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1200 சிசிக்கு மிகாத பெட்ரோல் கார்களுக்கு 2006 முதல் வரிச்சலுகை இருந்துவருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. அளவு மீறினால் 40 விழுக்காடு. ஏழு பேரை நான்கு மீட்டருக்குள் அடைக்கும் விசித்திரக் கலை நம் நாட்டில் இவ்வளவு வளர்ந்ததற்கு வரிச்சட்டமே முதல் காரணம். டிரைபரின் அடித்தளத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏழு இருக்கை வண்டி ஒன்றுக்கு கிராவைட் என்று பெயரிட்டிருப்பதாக நிஸான் 2025 டிசம்பரில் அறிவித்தது. 2026 தொடக்கத்தில் வெளியாகும் என்பது அந்த அறிவிப்பு.

அறிவிக்கும் விலை ஷோரூம் விலை மட்டுமே. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் நடப்பில் உள்ள சாலை வரிப்படி 5 முதல் 10 லட்சம் வரையான காருக்கு 13 விழுக்காடு, 10 முதல் 20 லட்சம் வரை 18 விழுக்காடு. 9.9 லட்சம் ரூபாய் வண்டிக்குச் சாலை வரி சுமார் 1.29 லட்சம், 10.2 லட்சம் ரூபாய் வண்டிக்குச் சுமார் 1.84 லட்சம். முப்பதாயிரம் ரூபாய் வசதிக்கு ஆசைப்பட்டு மேல்ரகத்துக்குப் போனால், வரியில் மட்டும் ஐம்பத்தைந்தாயிரம் கூடிவிடும்.

உப்பு இரும்பைத் தின்னும் வழி

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு அங்கே மூன்று வேலை செய்கிறது. நீரில் கரைந்து மின்கடத்தும் திரவமாகி, துருப்பிடித்தல் என்னும் மின்வேதி வினையை விரைவுபடுத்துகிறது. குளோரைடு அயனிகள் உலோகத்தின் மேலுள்ள காப்புப் படலத்தைத் துளைத்து ஊசிக்குத்துப் போன்ற குழிகளை உண்டாக்குகின்றன. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: உப்புப் படிவு காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மழையே இல்லாத மாசி பங்குனியிலும் இரவு முழுக்க வண்டியின் அடிப்பகுதி ஈரமாக இருக்க இதுவே காரணம்.

உப்பு எடுக்கும் பருவத்தில் உப்பு ஏற்றிய லாரிகள் சாலைக்கு வரும். ஈர உப்பிலிருந்து சொட்டும் நீர் தாரில் படிந்து, பின்னால் வரும் வண்டிகளின் சக்கர வளைவுகளில் தெறிக்கும். வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் மூழ்கும்போது உப்பு கரைந்த நீர் தாழ்வான தெருக்களிலும் நிற்கக்கூடும்.

ஏணிச் சட்ட வண்டியில் உடற்கூடு அரித்தாலும் கனத்த சட்டம் கொஞ்ச காலம் தாங்கும். கிராஸ்ஓவரில் அடித்தகடும் பக்கவாட்டுப் பெட்டிகளுமே எலும்புக்கூடு. மோதலின்போது விசையை வாங்கிப் பகிர்ந்து கொடுக்க வேண்டியவை அவை. அந்தப் பெட்டிகள் உள்ளே வெற்றிடமானவை. உள்ளிருந்து அரித்தால் வெளியே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும். பத்து ஆண்டு பழைய வண்டியைக் கடற்கரை ஊரில் வாங்குபவர் பெயின்டைப் பார்த்து விலை பேசுவது சரியல்ல.

தயாரிப்பாளர்கள் இதற்கு வழி செய்யாமல் இல்லை. தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சு தருவார்கள்; பூச்சில் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். பின்பு உடற்கூடு முழுவதையும் தொட்டியில் முக்கி, மின்னோட்டத்தின் உதவியால் முதற்பூச்சைச் சந்து பொந்தெல்லாம் படியவைப்பார்கள். பூச்சுகளின் தரத்தை, 35 பாகை செல்சியசில் 5 விழுக்காடு உப்புக் கரைசலைத் தொடர்ந்து தெளிக்கும் சோதனையால் ஒப்பிடுவார்கள். ஆனால் எந்தெந்தத் தகடுகளுக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு, துரு ஓட்டைக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பவை வெளியீட்டு மேடையில் பேசப்படுவதே அரிது. திரையின் அங்குலத்தைச் சொல்லும் அதே வாயால் இதையும் சொன்னால் என்ன? விற்பனை நிலையத்தில் கேட்டு எழுத்தில் வாங்குவதே இப்போதைக்கு வழி. வாங்கிய பின் வாரம் ஒருமுறை அடிப்பகுதியையும் சக்கர வளைவுகளையும் நல்ல தண்ணீரால் கழுவுவதும், கதவுகளின் அடிவிளிம்பிலுள்ள வடிகால் துளைகள் மணலால் அடைபடாமல் பார்ப்பதும் போதிய பலன் தரும். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் வீட்டில், அதாலேயே கழுவினால் பயன் குறைவு.

மூன்றாம் வரிசை யாருக்கு

ஏழு இருக்கை என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் ஏழு பேரை எண்ணிப் பார்த்துவிடுகிறோம். டிரைபரில் ஏழு இருக்கையும் விரித்தபின் பின்னால் மிஞ்சுவது 84 லிட்டர் இடம், இரண்டு பைகளுக்கே திணறும். கடைசி வரிசையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625 லிட்டர். திருவள்ளூரில் தயாராகி 2023இல் வந்த சித்ரோயன் சி3 ஏர்கிராஸ் தன்னை 5+2 என்றே அழைத்துக்கொண்டது. இதுவே நேர்மையான கணக்கு. அன்றாடம் ஐந்து பேர், அவ்வப்போது ஏழு.

தரைக்கும் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி டிரைபரில் 182 மில்லிமீட்டர், சி3 ஏர்கிராஸில் 200. அறிவிக்கும் அளவு பெரும்பாலும் ஆள் ஏறாத வண்டியின் அளவு. ஏழு பேரும் மூட்டைகளும் ஏறியபின் பின்பக்கம் தாழும். உப்பளத்துக்குள் போகும் மண்வரப்புப் பாதையில் அப்போது கிடைக்கும் இடைவெளிதான் கணக்கு.

மோதல் சோதனையின் நட்சத்திரங்களையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். நேர்முக மோதலில் பெரியவர் உருவப் பொம்மைகள் முன்னிருக்கைகளிலும், குழந்தைப் பொம்மைகள் இரண்டாம் வரிசையிலும் வைக்கப்படுகின்றன. ஆகவே அந்த நட்சத்திரம், பின்கதவுக் கண்ணாடிக்குச் சில அங்குலம் முன்னால் தலைவைத்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. சோதனையும் காலத்தோடு கடுமையாகிறது. டிரைபர் 2021இல் குளோபல் என்கேப்பில் பெரியவர் பாதுகாப்புக்கு நான்கு நட்சத்திரம் பெற்றது. பக்கவாட்டு மோதல் முதலியவை சேர்ந்த புதிய முறையில், தென்னாப்பிரிக்காவில் விற்கப்படும் டிரைபருக்கு 2025இல் இரண்டுதான் கிடைத்தது. அதே ஆண்டு ஜூலையில் இந்தியாவில் புதுப்பிக்கப்பட்ட டிரைபரில் எல்லா ரகங்களுக்கும் ஆறு காற்றுப்பைகள் வந்தன. இந்தியாவின் சொந்தச் சோதனையான பாரத் என்கேப் 2023 அக்டோபர் முதல் நடக்கிறது. அதில் பங்கேற்பது நிறுவனத்தின் விருப்பம் என்பதால், புதிய வண்டிக்கு மதிப்பெண் இல்லையென்றால் அது வரும்வரை காத்திருப்பதில் தவறில்லை. பக்கவாட்டுத் திரைக் காற்றுப்பை மூன்றாம் வரிசை வரை நீளுமா என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரும் குடும்பங்களில் பெரும்பாலோர் இந்தக் காரை வாங்கப் போவதில்லை. மழை மாதங்களில் வேலையே இல்லாத தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. கார் நிறுவனங்களின் தீபாவளிச் சலுகைக் காலமும் ஏறக்குறைய அதுவே. ஆனால் அவர்களும் இதில் பயணம் செய்வார்கள்: கல்யாணத்துக்கும், திருப்பதிக்கும், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கும் மஞ்சள் எண்பலகை வாடகை வண்டியாக. எர்டிகாவுக்கு டூர் எம் என்று தனி வாடகை ரகமே இருக்கிறது. ஒன்பது பேர் ஏறும் அத்தகைய பயணத்தில் கடைசி வரிசையில் ஒடுங்குவது வழக்கமாகப் பிள்ளைகள். ஏறுமுன் அந்த வரிசையின் இருக்கைப்பட்டைகள் உப்புக்காற்றில் இறுகாமல் முழுதாக இழுபடுகின்றனவா, கொக்கி மாட்டுகிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகும்.