இரண்டு பச்சௌலி நறுமணங்கள்

நாவலூருக்குக் கிழக்கே அலைவீசும் கடற்கரைக்குச் சோழமண்டலக் கரை என்பது பெயர். ஐரோப்பியர் அதனைக் ‘கோரமண்டல்’ என்றனர். சீனத்து அரக்குத் திரைகள் இக்கரை வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றமையால், அவற்றிற்கும் அப்பெயரே வாய்த்தது. 2007ஆம் ஆண்டில் ஷனேல் நிறுவனம் அத்திரைகளின் பெயரைத் தன் நறுமணம் ஒன்றிற்குச் சூட்டியது. அதன் உயிர்நாடி பச்சௌலி. இச்சொல்லும் தமிழிலிருந்து சென்றதே என்று ஆங்கில அகராதிகள் கூறுகின்றன.

பச்சௌலி, துளசிக் குடும்பத்துச் செடி. உலர்ந்த இலைகளை நீராவியில் வடித்தால், ஈர மண்ணும் மரமும் கலந்தாற்போன்ற மணமுடைய எண்ணெய் கிடைக்கும். 1992இல் வெளிவந்த ‘ஏஞ்சல்’ அதனோடு பஞ்சுமிட்டாயின் இனிப்பு மணத்தைச் சேர்த்தது. ‘கோரமண்டல்’ சாம்பிராணியின் மணத்தைச் சேர்த்தது. இரண்டும் அழுத்தமானவை. எதனைத் தேர்வது?

முகர்ந்தவுடன் முடிவு செய்தல் ஆகாது. சாராயமும் மெல்லிய மணங்களும் முதலில் ஆவியாகிவிடும். பச்சௌலியோ எளிதில் ஆவியாகாது. மணிக்கணக்காகத் தோலில் தங்கும். ஆதலால், ஒரு மணிக்கட்டில் ஒன்றும் மறு மணிக்கட்டில் மற்றொன்றுமாக ஒவ்வொரு துளி இட்டு, மாலைவரை பொறுத்திருங்கள். நம் கரையின் வெயிலில் மணம் விரைந்து பரவும். ஒரு துளியே போதும்.

மாலையில் எஞ்சி நிற்பதே நீங்கள் உண்மையில் விலை கொடுத்துப் பெறும் மணம். இனிப்பில் நாட்டமுடையோர்க்கு ஏஞ்சல் பிடிக்கலாம். சாம்பிராணிப் புகையை விரும்புவோர்க்குக் கோரமண்டல் இசையலாம். நம் கரையின் பெயர் என்பதற்காக ஒன்றை உயர்த்துவதும், பிறர் புகழ்ந்தனர் என்பதற்காக மற்றொன்றை நாடுவதும் தேர்வு ஆகா. பொறுத்திருந்து ஆராய்ந்த பின் நம் புலன் சொல்வதே தேர்வு.