படைப்பணியில் பால்புதுமையர்: உரிமையும் வரம்பும்

முன்னர் விழுப்புரம் மாவட்டத்திலும் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அமைந்த கூவாகத்தில், பாண்டவர் வெற்றிக்குக் களப்பலியான அரவானைக் கூத்தாண்டவராகப் போற்றித் திருநங்கையர் சித்திரைத் திருவிழாவில் தாலி ஏற்று, மறுநாள் கைம்மைக்கோலம் பூணுகின்றனர். வழிபாட்டில் போர்வீரனுக்கு உரியோராகும் இவர்களுக்கும் பிற பால்புதுமையர்க்கும் இந்தியப் படைகளில் உள்ள நிலை ஆராயத்தக்கது.

பாலின அடையாளத்தைத் தாமே உறுதிசெய்யும் உரிமையை உச்சநீதிமன்றம் 2014இல் ஏற்றது. வயதுவந்தோரின் மனமொத்த தன்பாலுறவு குற்றமன்று என 2018இல் தீர்ப்பளித்தது. எனினும், பாலின மாற்ற அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட கடற்படையினர் ஒருவர் 2017இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். தன்பாலுறவைப் படையில் ஏற்க இயலாது எனத் தரைப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் 2019 சனவரியில் அறிவித்தார். 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 'இயற்கைக்கு மாறான' இழிநடத்தைக்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை வகுக்கிறது.

படையினரின் அடிப்படை உரிமைகளை வரையறுக்க நாடாளுமன்றத்திற்கு அதிகாரமளிக்கும் அரசியலமைப்பின் 33ஆம் உறுப்பே இவ்வேறுபாட்டிற்கு இடமளிக்கிறது. ஆயின், பொது ஒழுங்கைக் காக்கும் படைகளும் அவ்வுறுப்பினுள் அடங்குவனவே. அவ்வகையைச் சார்ந்த தமிழகக் காவல்துறையில், சென்னை உயர்நீதிமன்றத்தின் 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பின்வழித் திருநங்கையான பிரித்திகா யாஷினி உதவி ஆய்வாளரானார். எனவே, 33ஆம் உறுப்பு விலக்கலைக் கட்டாயமாக்கவில்லை. அதற்கு இடம் மட்டுமே தருகிறது. படைச்சட்டங்களைத் திருத்தும் பொறுப்பு நாடாளுமன்றத்தையே சாரும்.