கடன் முடியாத காரும் புதிய மாநிலத்துப் பதிவும்

மாவட்டம் விட்டு மாவட்டம் மாறுதல் ஆசிரியர்களாகிய நமக்குப் பழகிய ஒன்று. மாநிலம் விட்டு மாநிலம் மாறுவது நம் பணியில் இல்லை. ஆனால் நம் குடும்பங்களில் உண்டு. வங்கி, இரயில்வே, பொதுத்துறை நிறுவனங்களில் பணிபுரியும் கணவர் அல்லது மனைவி வேறு மாநிலத்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு மாற்றலாகி வருகிறார். அங்கே கடனில் வாங்கிய காரும் கூடவே வருகிறது. ஓசூர், கூடலூர், செங்கோட்டை, கன்னியாகுமரி போன்ற எல்லைப் பகுதிகளில் பணிபுரிவோருக்கு இது இன்னும் பழக்கமான காட்சி.

என் கணவர் பெங்களூரிலிருந்து மாற்றலாகி வந்தபோது எங்கள் காரில் கர்நாடகப் பதிவெண் இருந்தது. வங்கித் தவணையில் இன்னும் மூன்று ஆண்டுகள் பாக்கி. பதிவை மாற்றி முடித்த பிறகு, வட்டாரக் கூட்டங்களில் சந்திக்கும் ஆசிரியர்கள் பலர் என்னிடம் கேட்ட கேள்விகளே இக்கட்டுரைக்குக் காரணம். ஒரு பெரிய தொகையை முதலில் கட்டிவிட்டு, இன்னொரு தொகையைத் திரும்பப் பெறக் காத்திருக்க வேண்டிய வேலை இது. வரிசை தெரியாமல் தொடங்கினால் பணமும் விடுப்பும் சேர்ந்து கரையும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமே அடிப்படை. அதன் 46ஆம் பிரிவின்படி, இந்தியாவின் ஒரு மாநிலத்தில் பதிவான வாகனத்தை நாட்டின் வேறெந்தப் பகுதியிலும் ஓட்டலாம். எனவே வேறு மாநில எண் இருப்பதே குற்றம் என்று எவரேனும் சொன்னால் அது சரியல்ல. ஆனால் 47ஆம் பிரிவு ஒரு வரம்பு வைக்கிறது. வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வாகனத்தை வைத்திருந்தால், அந்த மாநிலத்தின் புதிய பதிவெண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இங்கே இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பதிவெண் மாற்றத்துக்கான 12 மாதம் மத்தியச் சட்டத்தில் உள்ளது. வாகன வரியோ மாநிலச் சட்டத்தின்கீழ் வருவது. எனவே வரி எப்போது முதல் கட்ட வேண்டும் என்பதை ஊர் வந்து சேர்ந்தவுடனேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. 12 மாதம் இருக்கிறதே என்று வரியையும் ஒத்திப்போடக் கூடாது.

மாநிலத்துக்குள்ளேயே மாறுதல் பெறுவோருக்கு இவ்வளவு வேலை இல்லை. சேலத்திலிருந்து மதுரைக்குக் குடிபெயர்ந்தால் பதிவெண் மாறாது. 49ஆம் பிரிவின்படி 30 நாட்களுக்குள் முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பித்தால் போதும். கார் கடனில் இருந்தால் இதற்கும் வங்கியின் தடையின்மைச் சான்று வேண்டும்.

வங்கியின் இடம் எது?

கடனில் வாங்கிய காரின் ஆர்.சி.யில் உரிமையாளர் பெயருடன் ‘ஹைப்பாதிகேஷன்’ என்று வங்கியின் பெயரும் பதிவாகியிருக்கும். கார் நம்முடையதுதான்; ஆனால் கடன் தீரும்வரை அது வங்கிக்கு ஈடு. அதனால்தான் புதிய பதிவெண் பெறவும், வேறு மாநிலத்துக்கு வாகனத்தைக் கொண்டு செல்லவும் வங்கியின் தடையின்மைச் சான்றை 51ஆம் பிரிவு கேட்கிறது.

நடைமுறையில் அதிகம் தாமதமாவது இந்த இடத்தில்தான். எங்களுக்கு அந்தக் கடிதம் கிடைக்க மூன்று வாரங்களுக்கு மேல் ஆயிற்று. கடன் கொடுத்த கிளை மண்டல அலுவலகத்தைக் காட்டியது. மண்டல அலுவலகம் கிளையைக் காட்டியது. அதே 51ஆம் பிரிவு இதற்கு ஒரு பாதுகாப்பும் தருகிறது. விண்ணப்பம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் நிதி நிறுவனம் சான்று தர வேண்டும், அல்லது மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் சான்று வழங்கப்பட்டதாகவே கருதப்படும். இந்த விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் விண்ணப்பித்து, நகலில் தேதியுடன் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படி எழுதிக் கொடுத்த பிறகுதான் கடிதம் நகர்ந்தது. வாய்மொழியாகக் கேட்டால் ஏழு நாள் எப்போது தொடங்கியது என்று நிறுவ முடியாது.

தவணை எதுவும் நிலுவையில் இல்லாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். சான்றில் எந்த மாநிலத்துக்கு, எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு என்பது சரியாக இருக்கிறதா என்று வங்கியிலேயே நின்று படித்துவிட வேண்டும்.

படிப்படியாக

முதற்படி: வங்கியின் தடையின்மைச் சான்று.

இரண்டாம் படி: பழைய மாநிலத்தின் தடையின்மைச் சான்று. காரைப் பதிவு செய்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 28இல் விண்ணப்பிக்க வேண்டும். ‘பரிவாகன்’ இணையதளத்தில் விண்ணப்பத்தைத் தொடங்கலாம். ஆர்.சி., நடப்பிலுள்ள காப்பீடு, புகைச் சான்று, வரி கட்டிய விவரம், வங்கிச் சான்று ஆகியவை தேவை. போக்குவரத்து அபராதம் ஏதேனும் நிலுவையில் இருந்தால் முதலில் கட்டிவிடுங்கள். சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பதிவும் படிவத்தில் ஒட்ட வேண்டும். நாணயத்தின் மேல் தாள் வைத்துக் குழந்தைகள் தேய்த்து எடுப்பார்களே, அதே முறைதான். வாகனம் திருட்டு வழக்கு எதிலும் இல்லை என்ற தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் சான்றையும் பல அலுவலகங்கள் கேட்கின்றன.

மூன்றாம் படி: புதிய மாநிலத்தில் விண்ணப்பம். இங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 27, இரண்டு தடையின்மைச் சான்றுகள், ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று, புதிய முகவரிக்கான ஆதாரம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். கார் வாங்கியபோது கடையில் தந்த விலைப்பட்டியல் இங்கே மிக முக்கியம். வரிக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது. படிவங்களில் நிதி நிறுவனம் கையொப்பமிட வேண்டிய இடங்கள் காலியாக இருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும்.

நான்காம் படி: வரி கட்டி, வாகனத்தை ஆய்வாளரிடம் காட்டிப் புதிய எண் பெறுதல். புதிய ஆர்.சி.யிலும் வங்கியின் பெயர் தொடர்கிறதா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் நமக்கு இலாபம் என்று எண்ண வேண்டாம். பின்னால் கடன் முடிந்து படிவம் 35 மூலம் ஹைப்பாதிகேஷனை நீக்கும்போது அதுவே சிக்கலாகும்.

ஐந்தாம் படி: புதிய எண்ணை உரிய இடங்களில் தெரிவித்தல். உயர் பாதுகாப்பு எண் பலகை, காப்பீட்டு ஆவணம், பாஸ்டேக், வங்கியின் கடன் கணக்கு ஆகிய நான்கிலும் மாற்ற வேண்டும். இவற்றுள் காப்பீட்டைத் தள்ளிப்போடவே கூடாது. ஆர்.சி.யில் ஓர் எண், காப்பீட்டில் வேறோர் எண் என்றிருந்தால், விபத்து நேர்ந்த நாளில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

வரிக் கணக்கு

கார் வாங்கும்போது பழைய மாநிலத்தில் ஆயுள் வரி கட்டியிருப்போம். புதிய மாநிலம் வாகனத்தின் விலையையும் வயதையும் பார்த்துத் தன் வரியைக் கேட்கும். பழைய மாநிலத்தில், பயன்படுத்தாத ஆண்டுகளுக்கான வரியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் புதிய ஆர்.சி.யையும் புதிய வரி ரசீதையும் காட்டினால்தான் அது கிடைக்கும். அதாவது முதலில் கட்ட வேண்டும், பிறகே திரும்பி வரும்.

ஒரு மாதிரிக் கணக்கு. காரின் விலை ரூ.8,00,000. பழைய மாநிலத்தில் 15 ஆண்டுகளுக்குக் கட்டிய வரி ரூ.1,20,000. ஐந்து ஆண்டுகள் கழிந்தன. புதிய மாநிலத்தின் வரி, அந்த வயதுக்கு விலையில் 10 விழுக்காடு என்று கொள்வோம்: ரூ.80,000. ஆண்டுக்குச் சமமாகப் பிரித்தால் மீதமுள்ள 10 ஆண்டுகளுக்கு ரூ.80,000 திரும்ப வர வேண்டும். இந்தக் கணக்கில் இறுதி இழப்பு ஏதுமில்லை. ஆனாலும் சில மாதங்களுக்கு ரூ.80,000 கையை விட்டுப் போயிருக்கும். அந்த மாதங்களிலும் தவணைத் தேதி தவறாமல் வரும். உண்மையில் மாநிலங்கள் சமமாகப் பிரிப்பதில்லை. தமக்கென வகுத்த அட்டவணைப்படியே தருகின்றன. எனவே திரும்பி வரும் தொகையை நம்பி வேறு செலவுக்குத் திட்டமிட வேண்டாம். விண்ணப்பத்தையும் ஆறப்போட வேண்டாம்.

பி.எச். வரிசை

2021 செப்டம்பர் 15 முதல் ‘பாரத்’ வரிசை என்ற பி.எச். பதிவு நடைமுறையில் உள்ளது. பாதுகாப்புப் படையினர், மத்திய, மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோருக்கானது. இந்த எண் இருந்தால் மாநிலம் மாறும்போது புதிய எண் தேவையில்லை. வரியையும் ஆயுளுக்கு மொத்தமாகக் கட்டாமல் இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டலாம். துணைவருக்கு அடிக்கடி மாற்றல் வரும் குடும்பங்கள் அடுத்த கார் வாங்கும்முன், பதிவு செய்யும் ஊரில் இதற்கு வழியுண்டா என்று கேட்டுவிடுவது நல்லது.

வகுப்பறைக்கு

இந்த ஆவணங்களின் நகல்களை, பெயரும் எண்களும் மறைத்து, வகுப்பில் பயன்படுத்தி வருகிறேன். ஒரு காருக்கு இரண்டு மாநிலங்கள் ஏன் வரி கேட்கின்றன என்று மாணவர்கள் கேட்பார்கள். அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் வாகன வரி மாநிலப் பட்டியலில் 57ஆவதாக உள்ளது. இயந்திர வாகனங்களும் அவற்றுக்கான வரிவிதிப்பின் கோட்பாடுகளும் பொதுப் பட்டியலில் 35ஆவதாக உள்ளன. சட்டம் நாடு முழுதும் ஒன்றாகவும் வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறாகவும் இருப்பதன் விடை அங்கே இருக்கிறது. மேலே சொன்ன மாதிரிக் கணக்கு விழுக்காட்டுப் பாடத்துக்கு உதவும். வங்கி மேலாளருக்குத் தடையின்மைச் சான்று கேட்டு விண்ணப்பம் எழுதுவது கடிதப் பயிற்சிக்கு ஏற்றது. சென்ற பருவத்தில் எட்டாம் வகுப்பில் எழுதச் சொன்னபோது, ஒரு மாணவி தன் கடிதத்தின் கடைசி வரியில், “பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையொப்பமிட்டுத் தரவும்” என்று சேர்த்திருந்தாள். அந்த ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதி, எல்லோரையும் தங்கள் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.